தலைநகரம் இடம்பெயரும்போது சேரிக்கு என்ன மிஞ்சுகிறது? தரங்கம்பாடி தரும் பாடம்

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைவருக்கு வழங்கும் பட்டம் 'தரங்கம்பாடிப் பேராயர்' என்பதாகும். ஆனால் அவரது தலைமை அலுவலகம் திருச்சிராப்பள்ளியில் இருக்கிறது. அந்த வளாகத்திற்கு 'டிரான்க்யூபார் ஹவுஸ்' என்று பெயர். டிரான்க்யூபார் என்பது தரங்கம்பாடி என்னும் பெயரை ஐரோப்பியர் உச்சரித்த விதம். கடற்கரை ஊரொன்றின் பெயர் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் உள்நாட்டில் வந்து நிற்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 225 ஆண்டுகள் டேனிய இந்தியாவின் தலைநகராக இருந்த ஓர் ஊரிலிருந்து அதிகாரமும், அலுவலகமும், பணமும், படிப்பும் படிப்படியாக வெளியேறிய வரலாறு அது.

ஒரு குடியேற்ற நகரம் தலைநகர்த் தகுதியை இழப்பதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாழடைந்த மாளிகைகளையும் வெறிச்சோடிய துறைமுகத்தையும் பற்றியே எழுதுகிறார்கள். சமூக நீதிக்காகப் பணியாற்றும் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தலைநகரம் வெளியேறும்போது யார் அதனுடன் வெளியேற முடிந்தது? யார் அங்கேயே விடப்பட்டார்கள்? விடப்பட்டவர்கள் தம் உரிமையை நிறுவுவதற்குத் தேவையான ஆவணங்கள் எங்கே போயின? இக்கேள்விகள் பழங்கதையைப் பற்றியவை மட்டுமல்ல. தமிழ்நாட்டில் மாவட்டங்கள் பிரிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இதே கேள்விகள் சிறிய அளவில் மீண்டும் எழுகின்றன.

கோட்டையும் அதைச் சுற்றிய ஊரும்

1620-இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனின் சார்பில் வந்த ஓவே கெட்டேவுக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. ஆண்டு வாடகைக்குத் தரங்கம்பாடி டேனியருக்குக் கிடைத்தது. டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன் தகட்டில் எழுதுவித்த தமிழ்க் கடிதம் இன்று கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஊர் கைமாறியதன் முதல் சான்றே ஊரைவிட்டுப் போய்விட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

டேனியர் வருவதற்கு முன்பும் அங்கே ஊர் இருந்தது. கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் கட்டப்பட்டது. கோயில் இருந்த ஊரில் சாதியும் இருந்தது. சாதி ஒழுங்கை அழிக்க டேனியர் வரவில்லை. மிளகும் துணியும் வாங்கவே வந்தார்கள். சாதித் தலைவர்களின் வழியாக ஆள்வது அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது. சென்னையிலும் புதுச்சேரியிலும் நடந்ததைப் போலவே தரங்கம்பாடியிலும் வலங்கை, இடங்கைப் பிரிவினரின் வழக்குகள் ஐரோப்பிய ஆளுநரின் முன் வந்தன. அடிமைகளை வைத்திருக்கும் வழக்கமும் அந்நகரில் இருந்தது.

இருந்தாலும் குடியேற்றத் துறைமுகம் ஒன்றில், உள்நாட்டு வேளாண் கிராமத்தில் இல்லாத சில வாசல்கள் ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்தன. ஐரோப்பியரின் சமையற்கூடத்தில் மாட்டிறைச்சி சமைக்கச் சாதி இந்துக்கள் முன்வரவில்லை. அவர்களின் வீட்டு வேலை, குழந்தை வளர்ப்பு, குதிரை பராமரிப்பு, சுமை தூக்குதல், சிப்பாய் வேலை ஆகியவற்றில் சோழமண்டலக் கடற்கரை முழுவதும் பறையர் சமூகத்தினர் பெருமளவில் இருந்தனர். இது ஐரோப்பியரின் கருணையால் நேர்ந்ததன்று. சாதி இந்துக்கள் தீட்டு என்று ஒதுக்கிய இடத்தில் உண்டான வாய்ப்பு இது. மிராசுதாரரின் களத்து நெல்லை நம்பியிராமல், மாதக் கூலியாகக் காசு பெறும் வேலை என்பதே அதன் பெருமதிப்பு.

மற்றொரு வாசல் கல்வி. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1707-இல் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. அச்சகம் வந்தது. அருகிலிருந்த பொறையாறில் காகிதப் பட்டறை அமைந்தது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது.

அந்த ஆலயத்திற்குள்ளும் சாதி நுழைந்தது. சூத்திரக் கிறித்தவர் ஒரு பக்கம், பறையர் கிறித்தவர் மறுபக்கம் எனத் தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1733-இல் முதல் தமிழ்ப் புராட்டஸ்தாந்து குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட ஆரோன் வேளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் பல சபைகளை வளர்த்த உபதேசியார் இராஜநாயக்கன் பறையர்; முன்னாள் படைவீரர். உழைப்பிலும் ஆற்றலிலும் அவர் எவருக்கும் குறைந்தவரல்லர். அவர் கையிலிருந்து நற்கருணை பெறச் சாதிக் கிறித்தவர் உடன்பட மாட்டார்கள் என்பதால் குருப்பட்டம் அவருக்கு மறுக்கப்பட்டது. வாசல் திறந்தது, ஆனால் உள்ளே எவ்வளவு தூரம் போகலாம் என்பதைச் சாதியே வரையறுத்தது. தலைநகர் என்ற தகுதி ஒடுக்கப்பட்டோருக்குக் கொடுத்தது இவ்வளவுதான். அதை மிகைப்படுத்தவும் வேண்டாம். இல்லையென்று மறுக்கவும் வேண்டாம்.

1845: விற்கப்பட்ட தலைநகரம்

நெப்போலியன் போர்களின் போது, 1808 முதல் 1815 வரை, ஆங்கிலேயர் தரங்கம்பாடியைக் கைப்பற்றி வைத்திருந்தனர். திரும்பக் கிடைத்தபோது டேனியரின் ஆசிய வணிகம் நொடிந்திருந்தது. 1845 பிப்ரவரி 22 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின்படி, வங்காளத்தின் செராம்பூரையும் தரங்கம்பாடியையும் சேர்த்து டென்மார்க் அரசு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. விலை பன்னிரண்டரை இலட்சம் ரூபாய். அங்கே வாழ்ந்த மக்களின் ஒப்புதலை எவரும் கேட்கவில்லை.

விற்பனையோடு தரங்கம்பாடி ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை. நாகப்பட்டினத்தில் இருந்த தஞ்சாவூர் மாவட்டத் தலைமையிடத்தை ஆங்கிலேயர் அதே ஆண்டில் தரங்கம்பாடிக்கு மாற்றினர். நாகப்பட்டினமும் முன்னாள் தலைநகரமே. டச்சுக்காரர்கள் தம் சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து 1690-இல் அங்கே கொண்டுவந்தனர். 1781-இல் ஆங்கிலேயரிடம் அதை இழந்தனர். எனவே 1845-இல் ஒரு பழைய தலைநகரம் மாவட்டத் தலைமையையும் இழந்தது; மற்றொன்று நாட்டுத் தலைமையை இழந்து மாவட்டத் தலைமையைப் பெற்றது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1860-இல், அந்தத் தகுதியும் தஞ்சாவூருக்குப் போனது. நீதிமன்றம் மட்டும் அதன் பிறகும் சில காலம் தரங்கம்பாடியில் நீடித்தது.

ஏன் தஞ்சாவூர்? மூன்று காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது அரசியல். 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் தஞ்சை மராத்திய அரச மரபு முடிவுக்கு வந்தது. அரண்மனை இருந்த நகரத்தில் தனியே ஓர் ஆட்சியரை அமர்த்துவதற்கு இனித் தடையில்லை.

இரண்டாவது பாசனம். 1830-களில் ஆர்தர் காட்டன் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தில் கீழணையையும் கட்டினார். காவிரிப் பாசனம் உறுதிப்பட்டது. நெல்லின் வழியே வரும் நிலவரி, துறைமுகத்தின் சுங்க வருவாயைவிடப் பெரிதாயிற்று.

மூன்றாவது இரயில். 1861-62-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் பாதை திறக்கப்பட்டது. தரங்கம்பாடி அந்தப் பாதையில் இல்லை. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குக் கிளைப்பாதை வந்தது 1926-இல்தான். அதுவும் 1986-இல் மூடப்பட்டது.

இம்மூன்றின் விளைவு ஒன்றே. அதிகாரம் கடலிலிருந்து நிலத்திற்கு, வணிகரிடமிருந்து மிராசுதாரரிடம் நகர்ந்தது. பின்னாளில் தென்னிந்திய இரயில்வேயின் தலைமையகம் திருச்சியில் அமைந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த இரயில்வே பணிமனையும் 1920-களின் இறுதியில் திருச்சியின் பொன்மலைக்கு வந்து சேர்ந்தது. இன்று திருச்சியின் பெருமைகளாக நாம் எண்ணும் பலவும் கிழக்குக் கடற்கரை இழந்தவை.

வெளியேற முடிந்தவர்களும் முடியாதவர்களும்

தலைநகரம் இடம்பெயரும்போது எல்லோரும் ஒரே அளவில் இழப்பதில்லை. டேனிய அதிகாரிகள் கப்பலேறினர். ஆங்கிலேய ஆட்சியர் கோப்புகளுடன் தஞ்சைக்குப் போனார். எழுத்தர், வக்கீல், துபாஷி ஆகிய வேலைகளைப் பார்த்த குடும்பங்கள் அடுத்த தலைமையிடத்திற்குப் பெயர்ந்தன. எழுத்தறிவும் உறவுமுறையும் அவர்களுடன் பயணம் செய்யக்கூடிய சொத்துகள். வணிகர்கள் முதலைப் பெயர்த்து நிலத்தில் போட்டார்கள்.

சமையற்காரர், ஆயா, குதிரைக்காரர், சுமைகூலி ஆகியோருக்கு எஜமானர் போன பின் வேலையில்லை. அவர்களுக்கு நிலமும் இல்லை. அவர்கள் முன் இருந்த ஒரே முதலாளி சுற்றுவட்டார மிராசுதாரர். சம்பளக்காரராக இருந்தவர் பண்ணையாளாகும் நிலை, அதாவது காசுக் கூலியிலிருந்து களத்துக் கூலிக்குத் திரும்பும் நிலை, இப்படித்தான் உருவாகிறது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், கம்பெனி ஆட்சிப் பகுதியின் நீதிமன்றங்கள் அடிமை உரிமையை ஏற்கக் கூடாது என்றது. 1845-க்குப் பின் தரங்கம்பாடியும் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வந்தது. ஆனால் கடனாலும் குடியிருப்பு மனையாலும் பிணைக்கப்பட்ட பண்ணையாள் முறையை அச்சட்டம் தொடவில்லை. சேரி இருந்த மனையே மிராசுதாரருக்குச் சொந்தமாக இருந்ததால், கூலி கேட்டவருக்கு வீடும் போகும். தஞ்சைப் பண்ணையாட்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வர 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்த பின்பும் 1968 டிசம்பர் 25 அன்று, அதே கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் நில உடைமையாளர்களை விடுவித்தது.

பண்ணையாள் வாழ்விலிருந்து தப்புவதற்கு ஒரு வழி எஞ்சியிருந்தது. அது நாகப்பட்டினம் துறைமுகம். தலைமையிடத் தகுதியை இழந்த அத்துறைமுகம் ஆட்களை ஏற்றுமதி செய்யும் துறைமுகமாக மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், பினாங்கு, சிங்கப்பூர், மலாயாத் தோட்டங்களுக்கு அங்கிருந்து கப்பல்கள் சென்றன. ஒப்பந்தக் கூலியாகவும் கங்காணியின் ஆளாகவும் சென்றவர்களில் பறையர், பள்ளர் சமூகத்தினர் பெரும் பங்கினர். அவர்கள் சென்றதை விருப்பப் பயணம் என்று சொல்வது பாதி உண்மையே. பழைய தலைநகரங்கள் வேலை தரும் இடங்களாக இருப்பதை நிறுத்திவிட்டு, ஆட்களைத் திரட்டி அனுப்பும் இடங்களாயின என்பதே மற்றப் பாதி.

திருச்சபையிலும் ஒரு மாற்றம் நடந்தது. கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதியை முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை எதிர்த்துச் சாதிக் கிறித்தவர் பலர் ஆங்கிலிக்கச் சபையை விட்டு விலகினர். டேனிய மிஷனின் பொறுப்பை 1840-களில் ஏற்ற லைப்சிக் மிஷன், சாதி ஒரு சமூக ஏற்பாடே என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் இந்நிலைப்பாட்டை வெளிப்படையாக ஆதரித்து எழுதினார். விலகிய சாதிக் கிறித்தவருக்கு அங்கே இடம் கிடைத்தது. அரசின் ஆதரவை இழந்த ஒரு மிஷன், தன் சபையைத் தக்கவைத்துக்கொள்ளச் செல்வாக்குள்ள உறுப்பினர்களைச் சார்ந்து நின்ற காலம் அது. அரச நிழல் விலகியதும் நிறுவனங்கள் சாதியின் நிழலில் ஒதுங்கும் போக்கைப் பிற இடங்களிலும் காணலாம்.

கல்கத்தாவும் டெல்லியும்

எல்லாத் தலைநகரங்களும் தரங்கம்பாடியைப் போல் ஒடுங்கிவிடுவதில்லை. 1911 டிசம்பர் 12 அன்று டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றப்படும் என்று அறிவித்தார். கல்கத்தா அரசியல் தகுதியை இழந்தது. எனினும் சணல் ஆலைகள், தேயிலை வணிகம், ஹூக்ளி துறைமுகம், வங்கிகள் ஆகியவை அங்கேயே இருந்தன. உழைப்பை விற்க வந்தவர்களுக்கு நகரம் தொடர்ந்து வேலை கொடுத்தது. தரங்கம்பாடிக்குப் பின்னால் அத்தகைய தொழில் இல்லை. அரசு ஒன்றையே நம்பி நின்ற நகரம் அரசு போனதும் விழும். உற்பத்தியும் இருந்த நகரம் தாங்கும்.

புதிய தலைநகரம் எழும் இடத்திலும் இழப்பு உண்டு. புது டெல்லியை எழுப்ப ராய்சினா, மால்ச்சா முதலான கிராமங்களின் நிலம் 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டது. அச்சட்டம் இழப்பீட்டை நில உடைமையின் அடிப்படையில் கணக்கிட்டது. பிறர் நிலத்தில் உழைத்துப் பிழைத்தவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே தலைநகரம் போனாலும் வந்தாலும், பட்டா இல்லாதவரே முதலில் கணக்கிலிருந்து விடுபடுகிறார்.

1983-இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தமிழ்நாட்டின் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றும் திட்டத்தை முன்வைத்தார். சென்னையின் நீர்ப் பற்றாக்குறையும் மாநிலத்தின் நடுவே திருச்சி அமைந்திருப்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பேச்சு இன்றும் அவ்வப்போது எழுகிறது. அது எழும்போதெல்லாம் திருச்சிக்குக் கிடைக்கும் பெருமை பற்றி விவாதிக்கிறார்கள். யாருடைய நிலம் போகும் என்பதும், சென்னையில் எந்தக் கூலித் தொழிலாளர் வேலை இழப்பார் என்பதும் விவாதத்திற்கு வருவதில்லை.

பாரம்பரிய நகரமும் ஆழிப்பேரலையும்

தலைநகர்த் தகுதி போய் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் தரங்கம்பாடிக்கு வேறொரு தகுதி கிடைத்தது. அது பாரம்பரியச் சுற்றுலாத் தலம் என்பது. டேனிய உதவியுடன் டான்ஸ்போர்க் கோட்டை சீரமைக்கப்பட்டது. அது இன்று மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். பழைய ஆட்சியர் மாளிகை கடற்கரை விடுதியாகியிருக்கிறது. கட்டடங்கள் காக்கப்படுவது நல்லதே. ஆனால் காக்கப்படுபவை ஆளுநரின் மாளிகை, தளபதியின் வீடு, தேவாலயம் ஆகியவை மட்டும். அந்த மாளிகைகளில் சமைத்தவரும், செங்கல் சுமந்தவரும், ஆலயத்தில் தனி இடத்தில் அமர்த்தப்பட்டவரும் எங்கே வாழ்ந்தார்கள் என்பதைக் காட்டும் பலகை எத்தனை இடங்களில் இருக்கிறது? இராஜநாயக்கனின் பெயரை அங்கே செல்லும் மாணவருக்குச் சொல்பவர் யார்?

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை இந்தக் கேள்வியை உயிர்ப் பிரச்சினையாக்கியது. தரங்கம்பாடி அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மீனவ மக்களின் இழப்பு அளவிட முடியாதது. அதே கரையில் தலித் மக்களும் இருந்தனர். மீன் சுமப்போர், கழிமுகத்தில் இறால் பிடிப்போர், உப்பு நீர் புகுந்த வயல்களில் கூலி வேலை செய்வோர் எனப் பலர். படகும் வலையும் இழந்தவரே பாதிக்கப்பட்டவர் என்று நிவாரணப் பட்டியல் வகுக்கப்பட்டதால், சொத்து இல்லாமல் வேலையை மட்டும் இழந்தவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். முகாம்களிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் தீண்டாமை கடைப்பிடிக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகளும் தலித் அமைப்புகளும் ஆவணப்படுத்தின. அதே நாட்களில் அப்பகுதியின் சேரிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுப் பணியாளர்களே சடலங்களை அகற்றினார்கள். ஒரு நகரத்தின் வரலாற்றில் பெயர் பதிவாகாதவர்களுக்கு அதன் நிவாரணப் பட்டியலிலும் பெயர் இருப்பதில்லை.

இன்று நடக்கும் சிறிய இடமாற்றங்கள்

2020 டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை தமிழ்நாட்டின் 38-ஆவது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. தரங்கம்பாடி வட்டம் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து அதனுடன் சேர்ந்தது. தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம், இப்போது மயிலாடுதுறை என்று அந்த ஊர் மக்கள் தம் மாவட்டத் தலைமையிடம் மாறுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

திருச்சி மாவட்டத்திலும் இது நடந்திருக்கிறது. 1995-இல் பெரம்பலூரும் கரூரும் பிரிந்தன. பெரம்பலூரிலிருந்து 2001-இல் பிரிந்த அரியலூர், 2002-இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் மறுபடி தனி மாவட்டமாயிற்று. ஆறு ஆண்டுகளில் ஒரு கிராமத்தின் கோப்புகள் எத்தனை அலுவலகங்களுக்குப் பயணம் செய்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தகுதி இழப்பு மாவட்டத் தலைமையிடத்தோடு நிற்பதில்லை. பச்சைமலை அடிவாரத்தில் உள்ள உப்பிலியபுரம், பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதியாக இருந்தது. 2008 தொகுதி மறுவரையறையில் அத்தொகுதி நீக்கப்பட்டது. பகுதி துறையூர் தொகுதிக்குள் வந்தது. துறையூர் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மாநிலத்தில் மூன்றாக இருந்த பழங்குடித் தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டாயின. ஒன்றியத் தலைமையிடமும் பேரூராட்சியும் உப்பிலியபுரத்தில் இன்றும் இருக்கின்றன. ஆனால் பச்சைமலை மலையாளி மக்கள் தம்மில் ஒருவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பும் உறுதி போய்விட்டது. பட்டியல் சாதியினருக்கு ஓர் இடம் கிடைத்ததைக் காட்டி இந்த இழப்பைச் சிறிதென்று சொல்வது அரசியல் நேர்மையாகாது. ஒடுக்கப்பட்டோர் இருவரில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவரிடமிருந்து எடுக்கும் கணக்கை நாம் ஏற்கக் கூடாது.

சட்டத்தைக் கையில் வைத்துக் கேட்க வேண்டியவை

தலைமையிடம் மாறும்போது நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இருக்கும் சட்டங்களே சில பிடிமானங்களைத் தருகின்றன.

முதலில் நில ஆவணம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் சென்னை மாகாண அரசு பிறப்பித்த ஆணையால் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அவையே பஞ்சமி நிலங்கள். மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் பத்தாண்டுகள் அவற்றை எவருக்கும் விற்கக் கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல இடங்களில் இந்நிலங்கள் பிறர் பெயருக்குப் பதிவாகின. அதை மெய்ப்பிக்கத் தேவை அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடும் பழைய 'அ' பதிவேடும். மாவட்டமும் வட்டமும் பிரியும்போது இந்தப் பழைய பதிவேடுகள் எந்த ஆவண அறையில் இருக்கின்றன என்பதே முதல் வழக்காகிவிடுகிறது. புதிய அலுவலகம் பழையதைக் கைகாட்டும். பழையது புதியதைக் கைகாட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 6(3) இதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆவணம் வேறோர் அலுவலகத்தில் இருந்தால், விண்ணப்பத்தைப் பெற்ற அலுவலரே ஐந்து நாட்களுக்குள் அதை உரிய இடத்திற்கு மாற்ற வேண்டும். ஆவணங்களைப் பட்டியலிட்டு வைப்பது பிரிவு 4(1)-இன்படி அலுவலகத்தின் கடமை. மாவட்டம் பிரிந்த முதல் ஆண்டிலேயே, ஒப்படைக்கப்பட்ட பதிவேடுகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி வையுங்கள். பத்தாண்டு கழித்துக் கேட்டால் கிடைப்பது கடினம்.

இரண்டாவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கட்டமைப்பு. 1995-ஆம் ஆண்டு விதிகளின் 17-ஆம் விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒரு முறையாவது கூட வேண்டும். புதிய மாவட்டத்தில் குழு எப்போது அமைக்கப்பட்டது, எத்தனை முறை கூடியது என்பதைக் கேளுங்கள். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளைக் கண்டறிவது 3-ஆம் விதியின் கடமை. பழைய மாவட்டத்தின் பட்டியலில் இருந்த கிராமங்கள் புதிய மாவட்டத்தின் பட்டியலுக்கு வந்தனவா என்று சரிபாருங்கள். 12-ஆம் விதியின்படி ஆட்சியரும் கண்காணிப்பாளரும் நிகழ்விடத்திற்கு நேரில் வர வேண்டும். தீருதவியை ஏழு நாட்களுக்குள் வழங்க வேண்டும். எல்லை மாறியதைக் காரணம் காட்டி இந்தக் காலக்கெடுவை எவரும் தள்ளிவைக்க முடியாது.

மூன்றாவது தொலைவு. தலைமையிடம் மாறும்போது சிலருக்கு நீதிமன்றம் அருகே வருகிறது. சிலருக்குத் தள்ளிப் போகிறது. புதிய மாவட்டத்தில் தனிச் சிறப்பு நீதிமன்றம் அமையும்வரை வழக்கு பழைய தலைமையிடத்திலேயே நடக்கலாம். அன்றாடக் கூலியை நம்பி வாழும் சாட்சிக்கு ஒரு வாய்தா என்பது ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் ஆகும். சாட்சி வராததால் குற்றவாளி விடுதலையாகும் வழக்குகளில் இந்தச் செலவுக்கும் பங்குண்டு. 15அ பிரிவும் 11-ஆம் விதியும் பாதிக்கப்பட்டவர், சார்ந்திருப்போர், சாட்சிகள் ஆகியோருக்குப் பயணச் செலவும் படியும் பெறும் உரிமையைத் தருகின்றன. இது சலுகையன்று. முதல் வாய்தாவிலேயே மனு கொடுத்துப் பெற வேண்டிய உரிமை.

நான்காவது வரலாற்றுப் பதிவு. தரங்கம்பாடியின் ஆவணங்கள் கோபன்ஹேகனிலும், மிஷனரிகளின் கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரிலும் இருக்கின்றன. சேரியின் வரலாறும் அவற்றுக்குள் சிதறிக் கிடக்கிறது. கல்லூரி மாணவர்கள் அந்தந்த ஊரின் பழைய குடியிருப்புகள், இடுகாடுகள், பாதைகள், நீர்நிலைகள் பற்றி முதியவர்கள் சொல்வதை ஆண்டும் இடமும் குறித்துப் பதிவு செய்யலாம். சுடுகாட்டுப் பாதை வழக்கிலும் பொதுக்குளம் வழக்கிலும் வாய்மொழிச் சான்று நீதிமன்றத்தில் மதிப்புடையது. எழுதி வைக்கப்பட்டால் அதன் மதிப்பு கூடும்.

அடுத்து எந்த வட்டம் பிரிந்தாலும், எந்த அலுவலகம் இடம் மாறினாலும், திறப்பு விழா முடிந்த மறுநாளே இந்த நான்கையும் மனுவாக எழுதிக்கொண்டு செல்வோம். பதிவேடு எங்கே, குழு எங்கே, நீதிமன்றம் எங்கே, எங்கள் ஊரின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்போம். பதிலையும் எழுத்தில் வாங்குவோம்.